சீழும் பச்சையும்: விழுங்கும் கலங்கள்

நம்பிக்கை: சீழ் என்பது கெட்டுப்போன இரத்தம். அதை முழுக்கப் பிதுக்கி எடுத்தால்தான் புண் ஆறும்.

உண்மை: சீழ் கெட்ட இரத்தம் அல்ல, போராடி மடிந்த கலங்களின் குவியல். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்து வெட்டிய கிளைமுனை விரலில் ஏறினால் அதோடு பற்றீரியாவும் உள்ளே போகும். சில மணி நேரத்துக்குள் வெண்குருதிக் கலங்கள் குருதிக்குழாய்ச் சுவரைக் கடந்து அங்கே திரள்கின்றன. முந்தி வருபவை நடுநிலைநாடிகள். அவை தம் மென்சவ்வை நீட்டிக் கிருமியைச் சுற்றி வளைத்து, ஒரு சிறு பைக்குள் அடைத்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நொதிகள் நிறைந்த சிறுமணிகள் அந்தப் பையோடு இணைகின்றன. கிணற்றில் போடும் குளோரின் தூள் நீரில் கரையும்போது உண்டாகும் அதே ஐப்போகுளோரசு அமிலம் அங்கேயும் உருவாகிக் கிருமியைச் சிதைக்கிறது. வேலை முடிந்ததும் அந்தக் கலமும் மடிகிறது. சீழில் தெரியும் பச்சைச் சாயல், அந்த அமிலத்தை உண்டாக்கும் மைலோபெரொக்சிடேஸ் என்ற நொதியின் நிறம். பிதுக்கினால் கிருமி இன்னும் ஆழத்துக்குத் தள்ளப்படலாம். வீக்கமும் காய்ச்சலும் கூடினால் தோட்ட மருந்தகத்துக்குப் போவதே சரி.

கலங்கள் இப்படி விழுங்குவதை விளங்கவைத்தது ஒரு முள்தான். 1882இல் இத்தாலியின் மெசினாவில் விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ், கண்ணாடிபோல் தெளிந்த நட்சத்திரமீன் குடம்பிகளில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். அலையும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நிற்பதை மறுநாள் கண்டார். 1908இல் பவுல் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம்பிக்கை: பச்சை குத்தினால் துணியில் சாயம் ஏறுவதுபோல் மை தோலில் ஊறிவிடுகிறது.

உண்மை: மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. மை அங்கே இருந்திருந்தால் மூத்த பெண்களின் முன்கையில் பச்சை இத்தனை காலம் நிலைத்திருக்காது. அடித்தோலில் உள்ள பெருந்தின்குழியங்கள் என்ற விழுங்கும் கலங்கள் மைத்துகளை அந்நியப் பொருளென்று விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. ஒரு கலம் இறந்தால் அது விட்ட மையை அடுத்தது விழுங்குகிறது. மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். ஒரு பகுதி மை நிணநீர்க் கணுக்களுக்கும் போய்ச் சேர்கிறது.

நம்பிக்கை: விழுங்கப்பட்ட கிருமி செத்தே தீரும்.

உண்மை: காசநோய்க் கிருமி தன்னை விழுங்கிய கலத்துக்குள்ளேயே பதுங்கி, செரிக்கும் நொதிகள் தன் பைக்கு வந்து சேராமல் தடுத்து, ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. எனவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். காசநோய் என்று உறுதியானால் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். அரச மருத்துவமனையில் மருந்து இலவசம். உடம்பு தேறிவிட்டதென்று அதை இடையில் நிறுத்தக் கூடாது.