பூசணிப் பேயும் மயானக் கொள்ளையும்

அன்புள்ள வெள்ளிமலைச் சகோதரிக்கு,

சென்னையில் இருக்கும் உங்கள் அண்ணன் மகள் ஹாலோவீனுக்குப் பேய் வேஷம் கட்டிய படத்தைப் பார்த்துவிட்டு உங்கள் பையனும் அடம்பிடிக்கிறான், வெள்ளைக்காரன் கூத்து நமக்கெதற்கு என்று எழுதியிருந்தீர்கள். பையனை அதட்டாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஹாலோவீன் கடைக்காரர்கள் கண்டுபிடித்த விழா அல்ல. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கிற இரவில், செத்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்று நம்பினார்கள். பிற்பாடு திருச்சபை அந்த இரவை அடுத்து வரும் நவம்பர் 1-ஐப் புனிதர்களுக்கும் 2-ஐ இறந்தவர்களுக்கும் ஒதுக்கியது. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைக்குப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அந்த 2-ஆம் தேதிதான். இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு, அதற்கென்று சுட்ட சிறு ரொட்டியை வாங்கிக்கொண்டார்கள். அயர்லாந்தில் பேய்முகம் செதுக்கியது டர்னிப் கிழங்கில். அமெரிக்காவுக்குக் குடிபோனபின் அது பூசணியானது. நாமும் புதுவீட்டு வாசலில் கண்ணும் பல்லும் மீசையும் வரைந்த திருஷ்டிப் பூசணியைக் கட்டத்தானே செய்கிறோம்!

ஆனால் எனக்கு ஹாலோவீன் என்றதும் நினைவுக்கு வருவது மாசி மாத மயானக் கொள்ளை. சிவராத்திரியை ஒட்டிய அமாவாசையில் மேல்மலையனூரிலும் வட தமிழ்நாட்டின் எத்தனையோ அங்காளம்மன் கோயில்களிலும் நடக்கிறது. அதன் கதை இது: சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலம், அவருக்குப் போடும் சோற்றையெல்லாம் தின்றுவிடுகிறது. அம்மன் சுடுகாட்டில் சோற்றை இறைக்கிறாள். அதைத் தின்ன இறங்கிய கபாலத்தை மிதித்து அடக்குகிறாள். அதனால்தான் காளி வேஷம் கட்டியவர்கள் முகமெல்லாம் நீலமும் சிவப்புமாக, தொங்குகிற நாக்கோடு, பம்பை முழங்கச் சுடுகாட்டுக்குப் போகிறார்கள். சில ஊர்களில் அவர்கள் கையால் முறத்தடி வாங்கினால் பிடித்தது விலகும் என்று ஜனம் வரிசைகட்டி நிற்கும். சுடுகாட்டில் கொழுக்கட்டை, சுண்டல், அவித்த கிழங்கு, தானியம், சில்லறைக் காசு எல்லாம் இறைபடும். முந்தானையை விரித்து அள்ளுகிறவர்கள் அதில் கொஞ்சத்தை நிலத்தில் தூவுவார்கள், விளைச்சல் பெருகும் என்று.

ஹாலோவீனில் வேஷமும் மிட்டாயும் மிஞ்சின. செத்தவர்களுக்கான வேண்டுதல் தேய்ந்துபோயிற்று. மயானக் கொள்ளையில் வேஷம் கட்டுகிறவர் இன்னமும் விரதமிருக்கிறார். அவரைப் பார்த்துக் குழந்தை அழுதால், தாய் அதை அவர் காலடியில் கிடத்தி விபூதி வாங்குகிறாள். இந்த வித்தியாசத்தை உங்கள் பையன் நேரில் பார்க்க வேண்டும்.

இந்த வருஷம் அவன் கேட்டபடி முகத்தில் கரி பூசிவிடுங்கள். மாசியில் கள்ளக்குறிச்சிப் பக்கம் இறங்கி வாருங்கள். காலையிலேயே வந்துவிட்டால், வேஷக்காரர்கள் முகத்துக்கு வண்ணம் பூசுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். மதியத்துக்கு மேல் கூட்டம் நெருக்கும்; அவன் கையை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதம் கண்டவன்