செய்யாத பார்க்கிங் குற்றத்துக்குத் தண்டம்: கட்டுவதா, எதிர்ப்பதா?

பிரிட்டனில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தபாலில் வரும் கடிதங்களில், பிரிக்கும் முன்பே வயிற்றைக் கலக்குவது பார்க்கிங் தண்டக் கடிதம். லண்டனில் கவுன்சில் போடும் தண்டம் 2025 ஏப்ரலில் 160 பவுண்டு வரை ஏறிவிட்டது. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் 70 பவுண்டு வரை. 14 நாளுக்குள் கட்டினால் பாதிதான் என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். தவறே செய்யாத ஆளையும் கட்ட வைப்பது அந்தப் பாதித்தொகைதான். எண்பது பவுண்டோடு போகட்டும், யார் மல்லுக்கு நிற்பது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கட்டுவதா எதிர்ப்பதா என்பதைத் தொகையை வைத்து முடிவுசெய்யக் கூடாது. கடிதத்தை அனுப்பியவர் யார், படத்தில் நிற்பது உண்மையிலேயே நம் கார்தானா என்ற இரண்டு கேள்விகளும்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், பாதி விலையிலும் கட்டக் கூடாது.

முதல் கேள்வியிலேயே பலர் இடறுகிறார்கள், காரணம் பெயர்க் குழப்பம். கவுன்சில் அனுப்புவது பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ். சூப்பர் மார்க்கெட், மருத்துவமனை, ரயில் நிலையம் போன்ற இடங்களின் கார் பார்க்கை நடத்தும் தனியார் நிறுவனம் அனுப்புவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டையும் சுருக்கினால் பி.சி.என்.தான். தனியார் கடிதத்தின் நிறமும் அமைப்பும் அரசாங்கக் கடிதம் போலவே இருப்பது தற்செயல் என்று நம்புவது கஷ்டம். கவுன்சிலுடையது சட்டப்படியான அபராதம். தனியாருடையது, பலகையில் எழுதிய நிபந்தனையை நீங்கள் மீறினீர்கள் என்று சொல்லிக் கேட்கும் பணம். உங்கள் முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றால், வாகனப் பதிவைக் கவனிக்கும் டி.வி.எல்.ஏ. ஒரு விசாரணைக்கு 2.50 பவுண்டு வாங்கிக்கொண்டு கொடுக்கிறது. ‘கட்டு’ என்று குறுஞ்செய்தியில் இணைப்பு வந்தால் அது பெரும்பாலும் மோசடி. அதைத் தொடாமல், கவுன்சிலின் சொந்தத் தளத்தில் நோட்டீஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

கவுன்சில் தண்டம் என்றால் வழி நேரானது. கண்ணாடியில் ஒட்டப்பட்ட நோட்டீஸுக்கு உடனே ஆட்சேபம் எழுதலாம், அல்லது எதுவும் செய்யாமல் காத்திருந்து, 28 நாளுக்குப் பிறகு வரும் ‘நோட்டீஸ் டு ஓனர்’ கடிதத்துக்கு முறைப்படி பதில் எழுதலாம். உடனே எழுதுவதே மேல். 14 நாளுக்குள் நீங்கள் எழுதியதைக் கவுன்சில் மறுத்தால், பாதித் தொகைக்கான வாய்ப்பை அது மீண்டும் தர வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல், பெரும்பாலான கவுன்சில்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆக, எழுதிப் பார்ப்பதால் ஒரு பைசா நட்டமில்லை. கேமரா பிடித்துத் தபாலில் வந்த நோட்டீஸுக்கு இந்த முதல் படி கிடையாது, அந்த நோட்டீஸுக்கே முறையான மறுப்பு எழுத வேண்டும். முறையான மறுப்புக்குக் கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் அது ஏற்கப்பட்டதாகவே பொருள். கவுன்சில் அதையும் நிராகரித்தால் மேல்முறையீடு: லண்டனில் லண்டன் ட்ரிப்யூனல்ஸ், இங்கிலாந்தின் மற்ற பகுதிகளிலும் வேல்ஸிலும் டிராஃபிக் பெனால்ட்டி ட்ரிப்யூனல். இரண்டுக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், வீட்டிலிருந்தபடியே வாதாடலாம். அங்கே போனால் பாதித் தொகைச் சலுகை போய்விடும் என்பதுதான் உண்மையான விலை. மஞ்சள் கோட்டில் ‘ஐந்து நிமிடம்தான் நிறுத்தினேன்’ என்பதே உங்கள் வாதமானால் பாதியைக் கட்டிவிடுங்கள். பெர்மிட் செல்லுபடியாக இருந்தது, பலகை மரக்கிளையில் மறைந்திருந்தது, பணம் கட்டிய ரசீது கையில் இருக்கிறது என்றால் ட்ரிப்யூனலுக்குப் போகலாம். எந்த வழியானாலும் கடிதத்தை மேசை டிராயரில் போட்டு மறந்தால் தொகை ஒன்றரை மடங்காகி, நார்த்தாம்ப்டனில் உள்ள நீதிமன்ற மையத்தில் கடனாகப் பதிவாகி, கடைசியில் பெய்லிஃப் வாசலுக்கு வருவார்.

தனியார் கடிதத்துக்கு நம்மவர்களிடம் ஒரு பழைய அறிவுரை உலவுகிறது: ‘குப்பையில் போடு, அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.’ ஒரு காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஓட்டியவர் யார் என்று நிறுவனத்தால் காட்ட முடியாவிட்டால் விஷயம் அங்கேயே நின்றது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை மாற்றியது. ஓட்டியவர் தெரியாவிட்டால், பதிவில் உள்ள கீப்பரிடம் வசூலிக்கலாம். 2015இல் பார்க்கிங்ஐ நிறுவனத்துக்கும் பீவிஸ் என்பவருக்கும் நடந்த வழக்கில், செம்ஸ்ஃபர்டு கார் பார்க் ஒன்றில் விதித்த 85 பவுண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்று அலட்சியம் செய்தால் நீதிமன்றக் கடிதம் வரலாம். அதற்கும் பதில் எழுதாவிட்டால் சி.சி.ஜே. என்கிற தீர்ப்பு விழுந்து, ஒரு மாதத்துக்குள் கட்டித் தீர்க்காவிட்டால் ஆறு ஆண்டு உங்கள் கடன் வரலாற்றில் உட்கார்ந்திருக்கும். மார்ட்கேஜ் எடுக்கப் போகிறவர்களுக்கு 100 பவுண்டு தண்டத்தைவிட இது பல மடங்கு பெரிய அடி.

ஆனால் அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்குக் கட்ட வேண்டும் என்று பொருளல்ல. அந்த 2012ஆம் ஆண்டுச் சட்டமே நிறுவனத்துக்கும் நிபந்தனை போடுகிறது. கேமராவை மட்டும் நம்பித் தபாலில் அனுப்பும் நோட்டீஸ், கார் நின்றதிலிருந்து 14 நாளுக்குள் கீப்பரிடம் வந்து சேர வேண்டும். சேராவிட்டால், ஓட்டியவர் யார் என்று நீங்கள் எழுதிக் கொடுக்காத வரை, கீப்பரைப் பிடிக்க முடியாது. அதனால்தான் முதல் கடிதத்தில் ‘நான் நிறுத்தியபோது’ என்று எழுதக் கூடாது, ‘கீப்பர் என்ற முறையில்’ என்று தொடங்க வேண்டும். கேமராவின் தவறுகளும் அறியப்பட்டவையே. காலையில் பத்து நிமிடம் வந்து, மாலையில் மறுபடி பத்து நிமிடம் வந்தால், முதல் நுழைவையும் கடைசி வெளியேற்றத்தையும் சேர்த்து ஒரே எட்டு மணி நேரமாகக் காட்டிவிடும். மெஷினில் நம்பரை அடிக்கும்போது ஓரெழுத்து பிசகியதற்காக வந்த தண்டத்தை, தொழில் சங்கங்களின் நடத்தை விதிப்படியே ரத்து செய்தாக வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள், மறுத்தால் அது எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப போப்லாவுக்கோ ஐ.ஏ.எஸ்.ஸுக்கோ போங்கள் (இரண்டும் இங்குள்ள மேல்முறையீட்டு அமைப்புகள், ஐ.ஏ.எஸ். என்றால் நம்மூர்க் கலெக்டர் அல்ல). போப்லாவுக்கு 28 நாள் கெடு, கட்டணமில்லை. அங்கே ஜெயித்தால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும், தோற்றாலும் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை உங்களுக்கு மிச்சமிருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் கார் அங்கே நின்றிருந்தால். நிற்கவே இல்லையென்றால் கணக்கு வேறு. கார் ஈஸ்ட்ஹாமில் வீட்டு வாசலில் நிற்க, பர்மிங்ஹாமிலிருந்து தண்டம் வருகிறது. படத்தைத் திறந்தால் அதே நம்பர், அதே மாடல், அதே நிறம். இதுதான் நம்பர் பிளேட் குளோனிங். விற்பனை விளம்பரங்களில் நம்பர் தெரியும்படி போட்ட படங்களிலிருந்தோ தெருவில் பார்த்தோ, தங்கள் காரைப் போலவே இருக்கும் காரின் நம்பரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 29இல் யூலெஸ் என்ற மாசுக் கட்டண மண்டலம் லண்டன் முழுவதுக்கும் விரிந்து, பழைய டீசல் கார்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு என்றானபின், கட்டணம் இல்லாத காரின் நம்பரைத் திருடுவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. சட்டம் பிடிப்பது வாகனத்தை வைத்திருப்பவரை, நம்பரை வைத்திருப்பவரை அல்ல. ஆகவே உங்கள் வாதம் ‘என்னை மன்னியுங்கள்’ என்பதல்ல, ‘அது என் வாகனமே அல்ல’ என்பது. கவுன்சில் படிவத்தில் ‘என் சம்மதமின்றி வாகனம் எடுத்துச் செல்லப்பட்டது’ என்ற கட்டத்தைப் பலர் குறிக்கிறார்கள். அதைக் குறிக்காதீர்கள். உங்கள் காரை யாரும் எடுக்கவில்லை, அப்படிச் சொன்னால் அங்கே நின்றது உங்கள் கார்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அது உங்கள் வாகனமல்ல என்பதற்கான நிரூபணம் படத்திலேயே இருக்கிறது. கவுன்சில் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம், தனியாரிடம் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டால் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். நம்பரைப் பார்க்காதீர்கள், நம்பருக்குக் கீழே பாருங்கள். பிரிட்டிஷ் பிளேட்டின் அடியில் நடுவில் அதைச் செய்து கொடுத்த கடையின் பெயரும் போஸ்ட்கோடும் பொடி எழுத்தில் இருக்கும், ஓர் ஓரத்தில் தர முத்திரை இருக்கும். 2021 செப்டம்பரிலிருந்து செய்யும் பிளேட்டுகளில் அந்த முத்திரை மாறி ‘145இ’ ஆனது. உங்கள் கார் 2018இல் வாங்கியது, பிளேட்டை மாற்றியதே இல்லை, படத்தில் ‘145இ’ தெரிகிறது என்றால் வேறு வாதமே தேவையில்லை. கள்ளப் பிளேட்டில் பெரும்பாலும் கடைப் பெயரே இருக்காது. பிறகு சக்கரத்தின் அலாய் வடிவம், கூரைக் கம்பி, பின் கண்ணாடியின் கருமை, பம்பரில் உள்ள கீறல், டீலர் ஸ்டிக்கர். இவற்றில் இரண்டு வேறுபட்டாலே போதும். அன்று கார் எங்கே இருந்தது என்பதற்கு வேலை ரோஸ்டர், கராஜ் ரசீது, வாசல் கேமராப் பதிவு ஆகியவை துணைச் சாட்சி. துணை என்றுதான் சொல்கிறேன். நீங்கள் வேலையில் இருந்தீர்கள் என்பது உங்கள் மகன் காரை எடுத்துப் போகவில்லை என்று காட்டாது.

‘அத்தனை பாடுபடுவதைவிட 80 பவுண்டு மலிவு’ என்ற வாதம் இங்கேதான் முற்றாக உடைகிறது. கட்டியதும் அந்த வழக்கு மூடப்படுகிறது, மேல்முறையீடு கிடையாது, அன்று அங்கே நின்றது உங்கள் கார்தான் என்ற பதிவு நிலைக்கிறது. அடுத்த வாரம் அதே கள்ள நம்பர் பஸ் லேனில் போகும், பெட்ரோல் அடித்துவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடும், கேமராவில் வேகமாகப் பறக்கும். வேகத்துக்கான போலீஸ் கடிதம் பார்க்கிங் தண்டம் போன்றதல்ல. ஓட்டியது யார் என்ற கேள்விக்கு 28 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் ஆறு புள்ளியும் விழும். அப்போது ‘என் நம்பரை யாரோ போட்டிருக்கிறார்கள்’ என்று எழுதும்போது, போன மாதம் ஏன் கட்டினீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்காது.

நம்பரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பதுதான் அடுத்த முடிவு. போலீஸில் 101 வழியாகவோ இணையத்திலோ புகார் கொடுத்துக் குற்ற எண் வாங்கி, ஆதாரங்களுடன் ஸ்வான்ஸியில் உள்ள டி.வி.எல்.ஏ.வுக்கு எழுதினால், பதிவில் குறித்துக்கொள்வார்கள். நீங்கள் கேட்டால் வேறு நம்பர் தருவதையும் பரிசீலிப்பார்கள். உடனே மாற்றிவிடு என்பவர்கள் அதன் சிரமத்தைச் சொல்வதில்லை. லாக் புக், பிளேட், இன்சூரன்ஸ், கவுன்சில் பெர்மிட், டார்ட்ஃபர்டு பாலத்தின் கட்டணக் கணக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், ஒன்றை மறந்தாலே புதுத் தண்டம் வரும். மாற்றுவதற்கு முந்தைய தேதிகளின் தண்டங்களும் தானாக மறையாது, ஒவ்வொன்றாக எதிர்க்கத்தான் வேண்டும். என் தீர்ப்பு இது: ஒரே ஒரு தண்டம் என்றால் புகார் கொடுத்து, நம்பரை வைத்துக்கொண்டு காத்திருங்கள், கேமரா ஓரெழுத்தைத் தவறாகப் படித்ததாகக்கூட இருக்கலாம். இரண்டாவது ஊரிலிருந்தும் வந்தாலோ, போலீஸ் கடிதம் ஒன்று வந்தாலோ தயங்காமல் மாற்றுங்கள். உங்கள் பிளேட்டையே கழற்றிக்கொண்டு போயிருந்தால் முதல் நாளே மாற்றக் கேளுங்கள்.

போலீஸ் குற்ற எண் தர மறுத்தால் என்ன செய்வது? ‘இது கவுன்சில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்புவது நடக்கிறதுதான். எண் இருந்தால் பலம். இல்லாவிட்டாலும் வழக்கு விழாது, ட்ரிப்யூனல் பார்ப்பது படத்தையும் ஆதாரத்தையும். இணையப் புகாரின் நகலையும் அவர்கள் அனுப்பிய பதிலையும் இணைத்து அனுப்புங்கள். அசல் எதையும் அனுப்பாதீர்கள், நகல் போதும்.

உங்கள் காருக்கு இதுவரை இப்படி ஒரு கடிதமும் வரவில்லையென்றாலும், இந்த வார இறுதியில் நாலு பக்கமும், இரண்டு பிளேட்டின் அடி எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். தண்டம் வந்தபிறகு எடுத்த படத்தைவிட, அதற்கு முந்தைய தேதியிட்ட படத்துக்குத்தான் எந்த விசாரணையிலும் மதிப்பு அதிகம்.