தைராய்டுச் சுரப்பியின் தளர்ச்சியும் மகளிர் உடல்நலமும்

உழைப்புக்கு அஞ்சாத பெண்ணொருத்தி சில திங்களாகக் காலையில் எழவும் மாட்டாது சோர்வாளாயின், உற்றார் அவளைச் சோம்பேறி என்பர். நாற்பதைக் கடந்தவளாயின் மூப்பு என்பர். இவ்விரண்டும் அல்லாத காரணம் ஒன்று உண்டு. அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

காஞ்சிக்கு மேற்கே ஏரியும் வராகீசுவரர் கோயிலும் விளங்கும் தாமல் முதலிய ஊர்களை எண்ணுவோம். நெசவாளர் இல்லங்களில் பெண்டிர் நூல் இழைப்பர், தார் சுற்றுவர், தறியிலும் அமர்வர். அடுக்களையும் அவர் பொறுப்பே. இத்துணை உழைப்பினிடையே தோன்றும் களைப்பை நோயென்று ஐயுறுவார் யார்? இந்நோய் மறைந்திருக்க இதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்தது தைராய்டுச் சுரப்பி. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு தைராக்சின் என்னும் பொருளை ஆக்கிக் குருதியிற் கலப்பது இதன் தொழில். தைராக்சின் குறையுமாயின், எண்ணெய் குறைந்த விளக்கைப் போல உடலின் தொழில்கள் யாவும் மந்தமாகும்.

களைப்பு, குளிர் தாங்காமை, உடல் எடை கூடுதல், மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், குரல் கம்முதல், மறதி, மனச்சோர்வு, மாதவிடாய் மிகுதி என்பன இதன் குறிகள். கருத்தரியாமையும் கருச்சிதைவும் நேர்தல் உண்டு. ஆயினும் குருதிச் சோகையும் இவற்றுட் சிலவற்றைத் தோற்றுவிக்குமாதலின், குறிகளை மட்டும் கொண்டு துணிதல் தகாது. குருதியில் டி.எஸ்.எச். அளவைச் சோதித்தலே தெளிவு தரும். சுரப்பி தளருமிடத்து, அதனைத் தூண்டும் இப்பொருள் பெரும்பாலும் மிகும்.

சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வொன்று, வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர்க்கு இக்குறை உண்டெனக் கண்டது. ஆடவரினும் மகளிரே மிகுதியாக இதற்கு ஆளாயினர். நோயுற்றோருள் ஏறத்தாழ மூன்றிலொருவர் அதுகாறும் அதனை அறிந்திலர்.

காரணங்களுள் அயோடின் குறைவு ஒன்று. உடலின் காப்பாற்றலே தன் சுரப்பியைத் தாக்குதல் மற்றொன்று. ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912-இல் விவரித்தது இவ்வகையே. அவர் குறித்த நோயாளர் நால்வரும் பெண்டிரே.

இங்கிலாந்தில் 1891-இல் ஜார்ஜ் மரே என்னும் மருத்துவர், நோய் முற்றிய 46 வயதுப் பெண்மணி ஒருவர்க்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழிச் செலுத்தினார். அவர் தொடர்ந்து இம்மருத்துவம் பெற்று 1919 வரை வாழ்ந்தார். அதற்கென 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின! 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் தைராக்சினைச் செயற்கையாய் ஆக்கினர். இன்றோ நாள்தோறும் சிறு மாத்திரை ஒன்றே போதும்.

அதனை வெறும் வயிற்றில் நீருடன் உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பியும் உணவும் கொள்ளல் வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆறு முதல் எட்டு வாரங்களில் மறுசோதனை செய்து மருத்துவர் அளவை வகுப்பர். உடல் மெலியவேண்டி மிகையாய் உண்பது இதயத்துக்கும் எலும்புக்கும் கேடாம். சூலுற்ற மகளிர் இதனை ஒருபோதும் நிறுத்தலாகாது; கருவிலுள்ள குழவியின் மூளை தொடக்கத் திங்களில் தாயின் தைராக்சினையே சார்ந்து வளர்கின்றது. அக்காலத்து மருந்தளவு கூடுதலாக வேண்டுவதும் உண்டு. ஆதலின் கருவுற்றமை அறிந்தவுடன் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

விடுமுறைக்கு இல்லம் ஏகும் மாணவ நண்பர்காள்! அன்னையோ தமக்கையோ சோர்ந்திருக்கக் காணின், கடிந்துரைக்குமுன் குருதிச் சோதனைக்கு அழைத்துச் செல்வீர்களாக. சோம்பல் என்னும் பழியினின்று ஒரு பெண்ணை மீட்க அச்சிறு முயற்சியே போதியதாகலாம்.