குட்டியை வளர்ப்பது போல...

ஹலாலான சம்பாத்தியத்திலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தின் அளவே ஒருவர் தர்மம் செய்தாலும், அல்லாஹ் அதை ஏற்று, உங்களில் ஒருவர் தம் குதிரைக் குட்டியைப் பேணி வளர்ப்பது போல அதை வளர்த்து, மலையளவு ஆக்கிவிடுகின்றான் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் உண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. ரமளான் மாத பயான்களில் இது அடிக்கடி சொல்லப்படுவதுதான். பேரீச்சம்பழம் நமக்குப் புரிகின்றது, மலையும் புரிகின்றது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் குதிரைக் குட்டியைத்தான் பெரும்பாலோர் கவனியாது கடந்துவிடுகின்றனர்.

பெருமானார் (ஸல்) அவர்களின் முன்னால் அமர்ந்து இதைக் கேட்டவர்களுக்குக் குட்டி என்பது புதிரல்ல. அதை எப்படி வளர்ப்பது என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தனர். நம் வீடுகளில் குதிரை இல்லை. ஆகவே குட்டியை வளர்ப்பது என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்து கொள்வோம். உவமை விளங்கினால்தான் உவமிக்கப்பட்டது விளங்கும்.

முதல் நாள்

தாய்க் குதிரை ஏறக்குறைய 11 மாதங்கள் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியை ஈனுகின்றது. பிறந்த குட்டி சுமார் 1 மணி நேரத்திற்குள் எழுந்து நிற்க வேண்டும். 2 மணி நேரத்திற்குள் பால் குடிக்க வேண்டும். 3 மணி நேரத்திற்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழுந்துவிட வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் தாமதியாது கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது குதிரை வளர்ப்போரின் கணக்கு.

குட்டி, நோயை எதிர்க்கும் சக்தி ஏறக்குறைய ஏதுமின்றியே பிறக்கின்றது. அந்தச் சக்தி தாயின் சீம்பாலில் இருக்கின்றது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் தன்மை குட்டியின் குடலுக்கு ஒரு நாள் அளவுதான் உண்டு. அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகின்றது. முதல் நாளில் கிடைக்காத சீம்பாலை இரண்டாம் நாளில் கொடுத்து ஈடு செய்ய முடியாது. எனவே வளர்ப்பவரின் முதல் கடமை, விழித்திருந்து கவனிப்பதுதான். எல்லாம் முறையாக நடந்தால் அவர் விலகியே நிற்க வேண்டும். தாய் குட்டியை நக்கி, மோந்து, இது தன்னுடையது என்று அறிந்துகொள்ளும் நேரம் அது.

தாயின் வழியே நம்பிக்கை

குட்டி பிறந்த உடனேயே அதன் உடலெங்கும் தடவிப் பழக்கிவிட வேண்டும் என்றொரு முறை உண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ராபர்ட் மில்லர் 1991-ல் எழுதிய நூலின் மூலம் இது பரவலாயிற்று. ஆனால் பின்னர் நடந்த ஆய்வுகள் பலவற்றில் அந்த முதல் நேரப் பழக்கத்தால் நீடித்த பலன் பெரிதாகத் தென்படவில்லை. ஒரே நாளில் முடித்துவிடும் காரியமாக வளர்ப்பு இல்லை என்பதே இதில் கிடைக்கும் படிப்பினை.

இதற்கு மாறாக, பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வொன்று நம் சிந்தனைக்குரியது. அவர்கள் குட்டியைத் தொடவே இல்லை. குட்டி பிறந்த முதல் 5 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தாய்க் குதிரையை மட்டும் மென்மையாகத் தேய்த்து வாரிவிட்டனர். குட்டி பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தது. அந்தக் குட்டிகள் பின்னர் மற்றக் குட்டிகளைவிட அச்சமின்றி மனிதரை நெருங்கின. தாய் யாரை நம்புகின்றதோ அவரைக் குட்டியும் நம்புகின்றது!

தொடுதலும் தலைக்கயிறும்

அடுத்து வருவது தொட்டுப் பழக்குதல். இதில் குட்டியைத் துரத்திப் பிடிப்பது கூடாது. நாம் அசையாது நிற்க, குட்டியே ஆவலால் நெருங்கி வரும். பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் முதலில் விரல்களால் சொறிந்துவிட வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் நீவிக்கொள்ளும் இடம் அது. அவ்விடத்தை நீவும்போது குதிரையின் இதயத் துடிப்பு தணிகின்றது என்பதை 1993-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கின்றது. அங்கிருந்து கழுத்து, முதுகு, வயிறு, கால்கள் என்று படிப்படியாகக் கை நகர வேண்டும். ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள் போதும். நாள் தவறாமல் செய்வதில்தான் பயன் இருக்கின்றது.

தலைக்கயிறு மாட்டியவுடன் முன்னால் நின்று இழுப்பவன் குட்டியைக் கெடுக்கின்றான். இழுத்தால் குட்டி பின்வாங்கும், மல்லாந்து விழும், அதன் இளங்கழுத்து அடிபடும். அனுபவமுள்ளவர்கள் மென்மையான கயிறு ஒன்றைக் குட்டியின் பின்தொடைகளைச் சுற்றிப் பிடித்து, தாய்க்குப் பக்கத்திலேயே நடத்துகின்றனர். கயிறு இலேசாக அழுத்துகின்றது. குட்டி ஓரடி முன்வைக்கின்றது. அதே நொடியில் கயிறு தளர்கின்றது. இங்கே அழுத்தம் வெறும் கேள்விதான், தளர்த்துவதே பாடம். இணங்கிய பின்னும் இறுக்கிக்கொண்டே இருந்தால், இணங்குவதில் பயனில்லை என்பதைத்தான் குட்டி கற்றுக்கொள்ளும். பாடம் முடிந்ததும் தலைக்கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். ஆளில்லாத நேரத்தில் அது எங்கேனும் சிக்கினால் குட்டியின் உயிருக்கே ஆபத்து.

கால்களைத் தூக்கிப் பழக்குவதும் இந்தப் பருவத்தில்தான். குட்டி உதறுவதற்கு முன்பே மெதுவாக இறக்கி வைத்துவிட வேண்டும். முதலில் ஒரு நொடி, பிறகு இரண்டு நொடி. இப்படிப் பழகிய குட்டி, குளம்பைச் சீராக்குபவர் வரும்போது நடுங்குவதில்லை.

ஆயிஷா (ரலி) அவர்கள் அடங்காத ஓர் ஒட்டகத்தின் மீதேறி அதை இங்குமங்குமாக அலைக்கழித்தபோது, மென்மையைக் கைக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக முஸ்லிம் கிரந்தத்தில் காண்கின்றோம். கால்நடைகளை முகத்தில் அடிப்பதையும் முகத்தில் சூடு போடுவதையும் தடுத்ததாகவும் அதே கிரந்தத்தில் உள்ளது. ஒரு தடவை முகத்தில் அடிபட்ட குட்டி, தலைக்கயிறு மாட்ட வரும் ஒவ்வொரு கையையும் கண்டு மிரள்கின்றது.

செல்லமும் கேடுதான்

மென்மை என்பது கண்டுகொள்ளாமல் விடுவதன்று. சுமார் 50 கிலோ எடையில் பிறக்கும் குட்டி, நம் சட்டையைக் கடித்து இழுப்பதும், முன்னங்கால்களை நம் தோளில் போடுவதும் வேடிக்கையாகவே இருக்கும். அதே குட்டி 400, 500 கிலோ எடையுள்ள குதிரையாகி அதே வேடிக்கையைச் செய்தால் எலும்பு முறியும். அப்போது அந்தக் குதிரையைப் பொல்லாதது என்று சொல்லி அடிப்பார்கள், விற்பார்கள், கைக்குக் கை மாறி அது சீரழியும். குற்றம் குதிரையுடையதல்ல, சிறு வயதில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களுடையது. நாளை எதை அனுமதிக்க மாட்டோமோ, அதை இன்றும் அனுமதியாதிருப்பதே குட்டிக்குச் செய்யும் இரக்கம்.

பால்மறப்பு

ஹதீஸில் வரும் 'ஃபலுவ்வு' என்ற சொல், தாயிடமிருந்து பிரித்துப் பால் மறக்கச் செய்த குட்டியைக் குறிக்கும் என்று அகராதியாசிரியர்கள் விளக்குகின்றனர். வளர்ப்போர் பொதுவாக 4 முதல் 6 மாதத்தில் பால் மறக்கச் செய்கின்றனர். குட்டியின் வாழ்வில் மிகக் கடினமான நாட்கள் அவை. அது கத்தும், தீனி தின்னாது, எடை குறையும், எளிதில் நோய் தொற்றும். அதைத் தனியே அடைத்துப் போடாமல், பழகிய துணையோடு விட்டு, முன்கூட்டியே தீனிக்குப் பழக்கி, வழக்கமான கையே தொடர்ந்து கவனிக்க வேண்டும். இனி அதற்கு வளர்ப்பவரை விட்டால் வேறு ஆதரவில்லை. குட்டிகள் அனைத்திலும், பராமரிப்பு மிகுதியாகத் தேவைப்படும் குட்டியை அல்லவா இந்த ஹதீஸ் எடுத்துக் காட்டுகின்றது!

சுமைக்கு அவசரம் கூடாது

ஓராண்டில் குட்டி பார்வைக்குக் குதிரை போல் ஆகிவிடும். ஆனால் எலும்புகள் முற்றியிரா. முதுகெலும்பின் வளர்ச்சி முழுமையடைய 5 ஆண்டும் அதற்கு மேலும் ஆகின்றது. ஆகவேதான் பொறுமையுள்ளவர்கள் 3 வயதுக்கு முன் சேணம் பூட்டி ஏறுவதில்லை. ஏறினாலும் மெல்ல மெல்லவே வேலையைக் கூட்டுகின்றனர்.

மதீனாவில் நடந்த குதிரைப் பந்தயம் ஒன்றை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். பயிற்சியால் உடல் இறுகிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரை தூரம் வகுக்கப்பட்டது; அது 5 அல்லது 6 மைல் என்று கூறப்படுகின்றது. அப்பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை 1 மைல்தான். பக்குவத்திற்கேற்ற தூரம் என்பது எத்துணை நீதியான ஏற்பாடு!

காயலில் கண்டது

வளர்க்கத் தெரியாதவர் கையில் குதிரை என்னவாகும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சாட்சி உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளுடன் கப்பல்கள் காயலுக்கு வந்ததை எழுதியிருக்கின்றார். மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியும், ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சவில்லை என்பது அவர் கூற்று. பேணத் தெரிந்த ஆள் இல்லாமையே காரணம் என்கின்றார். நல்ல குதிரைகளுக்கும் இங்கே கால் வளைந்த குட்டிகளே பிறந்தன என்றும் குறித்திருக்கின்றார். பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கலாம். பேணும் அறிவை அதோடு சேர்த்து வாங்க முடியாது.

உவமை சொல்லும் செய்தி

வாசக அன்பர்களே! இப்போது ஹதீஸுக்குத் திரும்புவோம். குட்டியை வளர்ப்பவருக்கு மூன்றாண்டு வரை அதனால் ஒரு பயனும் இல்லை. செலவு உண்டு, விழிப்பு உண்டு, நாள் தவறாத கவனிப்பு உண்டு. அது நோயுறாமல், மிரளாமல், கெடாமல் காக்க வேண்டும். அத்தனையும் அதன் நாளையை நினைத்துச் செய்யப்படுகின்றது.

ஒரு ஏழைத் தாய் தன் பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய ஒரு கிண்ணம் கஞ்சியை, கொடுத்த மறுநாளே மறந்துவிடுகின்றாள். இவ்வளவு அற்பமானதற்கு என்ன கூலி இருக்கப் போகின்றது என்றும் எண்ணுகின்றாள். ஆனால் அவள் மறந்ததை மறவாத ஒருவன் இருக்கின்றான். குட்டியைக் காப்பவன் இரவில் விளக்கேந்திச் சென்று பார்ப்பானே, அதைவிட மேலான கவனத்தோடு, அவள் கொடுத்த சிறு தர்மத்தை அவன் வளர்த்துக் கொண்டிருக்கின்றான். ஆகவே சிறிது என்று எண்ணித் தர்மத்தைக் கைவிட வேண்டாம். நம் பொறுப்பில் வாயில்லா ஜீவன் ஏதேனும் இருந்தால், அதன் வளர்ப்பிலும் இந்த ஹதீஸை நினைவில் கொள்வோம். நம் தர்மங்களை ஏற்று வளர்க்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.