கல்லாப்பெட்டி அருகே ஒரு நோட்டு

"விளம்பரத்துக்கு நிறையச் செலவு பண்ணிட்டேங்க, ஒண்ணும் தேறல" என்றார் மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்தும் நண்பர். நோட்டீஸ் பார்த்து எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை. ஃபேஸ்புக்கில் பார்த்து? அதுவும் தெரியவில்லை. வாசல் ஃபிளெக்ஸுக்குக் கொடுத்த தொகை மட்டும் பைசா சுத்தமாக நினைவிருந்தது. சிறு தொழில் செய்கிற பலரிடம் இதே நிலையைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு கடலை போட்டோம், எவ்வளவு பிண்ணாக்கு வந்தது என்று கிராம் கணக்கு வைத்திருப்பவர்கள்கூட விளம்பரப் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்ட காசாக மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே முதல் வேலை இதுதான். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கல்லாப்பெட்டி அருகே வையுங்கள். புது முகம் வந்தால், பில் போடும்போதே "நம்ம கடை எப்படித் தெரியும்க்கா?" என்று கேளுங்கள். நோட்டீஸ், போர்டு, கூகுள் மேப், வாட்ஸ்அப், ஃபேஸ்புக், தெரிந்தவர் சொன்னது என்று கட்டம் போட்டு ஒருவருக்கு ஒரு கோடு. நீங்கள் இல்லாத நேரத்தில் கல்லாவில் உட்காரும் தம்பியும் இதைச் செய்ய வேண்டும். ஒரு மாதம் விடாமல் எழுதினால், எந்த ஏஜென்சியும் சொல்ல முடியாத தகவல் உங்கள் கையில் இருக்கும்.

அந்த நோட்டை வைத்து ஒரு கணக்குப் போடலாம். நோட்டீஸ் அச்சடிக்கவும் நாளிதழில் செருகவும் ஒன்றுக்கு 1.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2,000 நோட்டீஸுக்கு 3,000 ரூபாய். அதைப் பார்த்து 12 பேர் வந்தால், ஒரு வாடிக்கையாளரைக் கடைக்குள் கொண்டுவர 250 ரூபாய் ஆகியிருக்கிறது. லிட்டருக்கு 40 ரூபாய் லாபம், அவர் மாதம் இரண்டு லிட்டர் வாங்குகிறார் என்றால் மாத லாபம் 80 ரூபாய். நான்காவது மாதம்தான் போட்ட பணம் திரும்பும். அவர் தொடர்ந்து வருவார் என்றால் அந்த நோட்டீஸ் நல்ல முதலீடு. ஒரு தடவை வாங்கிவிட்டுக் காணாமல் போவார் என்றால் ஆளுக்கு 170 ரூபாய் நஷ்டம். ஆக, விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை, வந்தவர் எத்தனை முறை திரும்பி வருவார் என்பதுதான் தீர்மானிக்கிறது. மாவுக் கடைக்கும் திருமண மண்டபத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

பெரிய நிறுவனங்களாக வளர்ந்தவர்களும் எண்ணித்தான் தொடங்கினார்கள். கடலூர்க்காரரான சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் ஆரம்பித்த சிக் ஷாம்பு நல்ல உதாரணம். அவருடைய ஆட்கள் ஷாம்பு பழக்கமில்லாத கிராமங்களுக்குப் போய், ஊர்ப் பையன் ஒருவனின் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஒரு திட்டம்: எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். கொஞ்ச காலம் கழித்து, ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். திரும்பி வந்த ஒவ்வொரு காலி பாக்கெட்டும் ஒரு கோடு. யார் பயன்படுத்துகிறார்கள், எந்தக் கடையில் ஓடுகிறது என்பது பாக்கெட்டை எண்ணினாலே தெரிந்துவிடும். சிக் ஷாம்புவை நினைத்தால் சினிமா நட்சத்திர விளம்பரம்தான் நம் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே இந்த எண்ணிக்கை நடந்தது.

அடுத்தது, என்ன சொல்வது. நண்பரின் நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். "தரமான, சுத்தமான, பாரம்பரிய எண்ணெய். ஒருமுறை வாங்கிப் பாருங்கள்." இதே வரியை அவருக்கு எதிர்க்கடைக்காரரும் போட்டுக்கொள்ளலாம். ஒரு மளிகைக் கடையில் பாக்கெட் எண்ணெயையும் செக்கு எண்ணெயையும் கையில் வைத்திருக்கும் குடும்பத்தலைவி மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இதற்கு ஏன் இவ்வளவு அதிக விலை? நோட்டீஸ் அதற்குப் பதில் சொல்லவேயில்லை.

அந்தப் பதில் நண்பரிடம் எப்போதும் இருந்தது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். சந்தையில் இன்றைக்குப் பருப்பு கிலோ என்ன விலை என்று வாங்குபவர்களுக்கே தெரியும். பெருக்கிப் பார்த்தால் விலை ஏன் இப்படி என்று புரிந்துவிடும், அதற்குக் கீழே விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். வாகை மரச் செக்கு, எள் ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டி, ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிடுவது, அடியில் மண்டி ஏன் தங்குகிறது என்பது எல்லாம் அவர் வாய்க்கு வாய் சொல்லும் விஷயங்கள். "இதெல்லாம் எல்லாச் செக்குக்காரரும் செய்றதுதானேங்க, இதைப் போய் எழுதுவாங்களா?" என்று கேட்டார்.

இதே கேள்வியை நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் எதிர்கொண்டிருக்கிறார். கிளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க விளம்பர எழுத்தாளர், மில்வாக்கி நகரின் ஷ்லிட்ஸ் பீர் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். புட்டிகளை எப்படிக் கழுவுகிறார்கள், தண்ணீரை எவ்வளவு ஆழத்திலிருந்து எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் கண்டு, இதை ஏன் ஊருக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லா ஆலையிலும் இப்படித்தான் என்று பதில் வந்தது. அதையே அவர் விளம்பரமாக எழுதினார், ஷ்லிட்ஸின் விற்பனை ஏறியது. எல்லோரும் செய்வதாக இருந்தாலும், முதலில் விளக்கிச் சொன்னவர் பெயரோடுதான் மக்கள் அதைச் சேர்த்து நினைத்துக்கொண்டார்கள். 1923இல் அவர் எழுதிய சிறிய புத்தகத்தின் அடிநாதமும் எண்ணிப் பார்ப்பதுதான். கூப்பன்களில் அடையாளக் குறி போட்டு, எந்த வாசகம் எத்தனை பேரை அழைத்து வந்தது என்று அவர் கணக்கு வைத்தார்.

அந்தக் குறியை நீங்களும் போடலாம். ஒரே நோட்டீஸை இரண்டு வாசகங்களில் அடியுங்கள். ஒன்றின் மூலையில் 'அ', மற்றதில் 'ஆ'. கொண்டுவருபவருக்கு 100 மில்லி நல்லெண்ணெய் இலவசம் என்று போடுங்கள். இரண்டு வாரத்தில் எந்த எழுத்து அதிகம் வந்தது என்று பாருங்கள். அடுத்த மாதம் அதை மட்டும் அடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். வாசகத்தையும் விலையையும் படத்தையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கொலஸ்ட்ரால் குறையும், சர்க்கரை நோய் தீரும் என்று எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை அப்படியே நோட்டீஸில் போடுவதும் அதே தவறுதான். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறைகள் அனுமதிப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. கையிருப்பில் பத்துப் புட்டி வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் சலுகை என்று கூவுவதையும் 2022இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் தடுக்கின்றன. சட்டத்தை விடுங்கள். உங்கள் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவத்தை எந்த லாபத்தாலும் கழுவ முடியாது.

இனி இடமும் நேரமும்.

கடையின் பெயர்ப்பலகைதான் வாடகை கேட்காமல் வருடம் முழுக்க வேலை செய்யும் விளம்பரம். அதில் பெரும்பாலும் தாத்தா பெயரோ குலதெய்வத்தின் பெயரோ ஆறடிக்கு நிற்கிறது, என்ன விற்கிறார்கள் என்பது மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. எதிர்ச் சாரியில் பைக்கில் போகிறவர் மூன்று நொடியில் படிக்க வேண்டியது "மரச்செக்கு எண்ணெய்" என்ற சொல். பெயர் சிறிதாக இருந்தாலும் தாத்தாவுக்குக் குறையொன்றும் வந்துவிடாது. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பலகை செய்யக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் இரண்டாவது செலவு மிச்சம். பொது இடத்தில் பேனர் வைப்பது வேறு விஷயம். உள்ளாட்சி அமைப்பின் அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலையில் கட்டிய பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். நம் கடைத் திறப்பு விழா யாருக்கும் அப்படி ஒரு நாளாகிவிடக் கூடாது.

நேரம் என்பது காலண்டரைப் பார்ப்பது. சம்பளக்காரர் வீடுகளில் மாதச் சாமான் பட்டியல் போடுவது முதல் வாரத்தில். 15ஆம் தேதி வீட்டுக்கு வரும் எண்ணெய் நோட்டீஸ் பழைய பேப்பரோடு போய்விடும். 28லிருந்து 30க்குள் வந்தால் பட்டியலில் ஏறும். நல்லெண்ணெய்க்கு இன்னும் நுணுக்கமான நாள் இருக்கிறது. பெண்கள் வெள்ளிக்கிழமையும் ஆண்கள் சனிக்கிழமையும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் உள்ள ஊரில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்க வேண்டியது வியாழன் சாயங்காலமும் வெள்ளி சாயங்காலமும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கக் காசு கிடையாது. ஆனால் பலர் ஒருமுறை சேர்த்துவிட்டு அதன்பின் திரும்பிப் பார்ப்பதில்லை. குறி சரியான வாசலில் விழுகிறதா, சாலையிலிருந்து எடுத்த முகப்புப் படம் இருக்கிறதா, ஆயுத பூஜை விடுமுறையும் மாதாந்திர மின்தடை நாளும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய கடைக்கு வெயிலில் வந்து திரும்பியவர் இன்னொரு முறை வருவது கடினம். மதிப்புரைகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். அது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. குறை சொன்னவருக்குப் பொறுமையாகப் பதில் எழுதுங்கள். அதைப் படிக்கப்போவது அவர் ஒருவர் மட்டும் இல்லை.

வாட்ஸ்அப்பில் எல்லோரும் செய்யும் தவறு, கிடைத்த எண்களையெல்லாம் குரூப்பில் சேர்ப்பது. கேட்காமல் சேர்த்தால் கோபத்தோடு வெளியேறுவார்கள். பிராட்காஸ்ட் பட்டியல் நல்லது, ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். எனவே புட்டியின் லேபிளில் எண்ணைப் பெரிதாகப் போட்டு, "எண்ணெய் தீரப்போகுதுன்னா இந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் போதும்க்கா" என்று கேட்டுப் பதியவையுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பணம் கட்டினால் கடையைச் சுற்றி நான்கைந்து கிலோமீட்டருக்குள் மட்டும் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாடு முழுக்கக் காட்டினால் லைக் விழும், கல்லாவில் எதுவும் விழாது.

இவ்வளவும் செய்து, அச்சிட்ட எண்ணுக்கு போன் வரும்போது யாரும் எடுக்கவில்லை என்றால் மொத்தச் செலவும் வீண். நோட்டீஸ் போகும் நாளன்று போனைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று முடிவு செய்யுங்கள். இலவச எண்ணெய் பற்றிக் கடைப் பையனுக்கு முதல் நாளே சொல்லுங்கள். "அப்படி எதுவும் இல்லையே" என்று அவன் சொல்லிவிட்டால், வந்தவர் உங்களைப் பொய்யர் என்று நினைத்துக்கொண்டுதான் போவார். அதில் பையனின் தவறு எதுவுமில்லை.

நண்பரின் நோட்டில் முதல் மாதம் ஃபேஸ்புக் கட்டம் காலியாகவே இருந்தது. கடை போர்டை மாற்றி எழுதியபின் 'போர்டு' கட்டத்தில் கோடுகள் விழத் தொடங்கின. ஆனால் நிறைந்து வழிந்தது "தெரிந்தவர் சொன்னது" கட்டம்தான். ஃபேஸ்புக்குக்குக் கட்டிய பணத்தை நிறுத்தி, அதற்கு 100 மில்லி புட்டிகள் வாங்கினார். இரண்டு லிட்டர் வாங்கும் பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. லேபிளில் கடை எண்ணுக்கு மேலே ஒரே வரி எழுதியிருக்கிறார்: "இது பக்கத்து வீட்டுக்கு."