பிரேக் வேலைக்கு பில் எங்கே?

கேள்வி: சேலத்தில் ஒரு பட்டறையில் காருக்கு பிரேக் வேலை பார்த்தேன். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியிலேயே பெடல் தளர்ந்துவிட்டது. திரும்பப் போய்க் கேட்டால், "மலையில ஓட்டினா அப்படித்தான் சார்" என்கிறார்கள். பில்லும் தரவில்லை. என்ன செய்வது?
– வாசகர், ஏற்காடு

பதில்: அவர்கள் சொன்னதில் கால்வாசி உண்மை. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் எந்த வண்டியும் சூடேறும். கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். ஆனால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால், பிரேக் ஆயில் பழசாகி ஈரம் ஏறியிருக்கலாம். அந்த ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்குமே தவிர பிரேக் பிடிக்காது. ஆயிலை மாற்றி ஏர் எடுத்தார்களா? கழற்றிய பழைய பேடைக் காட்டினார்களா? அதைக் கேளுங்கள். (வண்டியை விடும்போதே "பழசை டிக்கியில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுவது உத்தமம்.)

கேட்டும் பில் தராதது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, என்ன பழுது என்று எழுதி வாங்குங்கள். பிறகு பட்டறைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம். மசியவில்லையா? நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கு இழுக்கத்தான் செய்யும். பிரேக்கைச் சரிசெய்ய அதுவரை காத்திருக்காதீர்கள்.