புழுங்கல் அரிசியும் பி-1 வைட்டமினும்

நெல்மணியின் உமியை அகற்றினால் பழுப்பு நிறமான மெல்லிய படலம் ஒன்று தென்படும். அரிசியைத் தீட்டுங்கால் தவிடாக உதிர்வது இதுவே. தயமின் எனப்படும் பி-1 வைட்டமினின் பெரும்பகுதி இப்படலத்திலும், மணியின் ஓரத்திலுள்ள முளைக்கருவிலும் அடங்கியிருக்கிறது. ஆலையில் பச்சரிசியை வெண்மையாகத் தீட்டும்போது இவ்விரண்டும் நீங்கிவிடுகின்றன. எஞ்சுவது பெரும்பாலும் மாப்பொருளே.

மாப்பொருள் உடலில் ஆற்றலாக மாறுவதற்குத் தயமின் இன்றியமையாதது. ஆகவே சோறு மிகுதியாக உண்பவருக்கு இவ்வைட்டமினின் தேவையும் மிகும். தீட்டிய பச்சரிசியோ அத்தேவையைக் கூட்டுகிறதேயன்றி ஈடுசெய்வதில்லை. உடலிலுள்ள இருப்பும் ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான். உணவில் தயமின் கிட்டாதுபோனால் சில வாரங்களிலேயே அது தீர்ந்துவிடும். பின்னர்ப் பெரிபெரி நோய் தோன்றும். கால்கள் மரத்துத் தளர்தல், உடல் வீக்கம், இதயத் தளர்ச்சி ஆகியவை இதன் குறிகள்.

இந்நோயை முதலில் கிருமியால் வருவதென்றே மருத்துவர்கள் எண்ணினர். ஜாவாத் தீவில் ஆய்வு நடத்திய ஐக்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகளுக்குப் பெரிபெரியை ஒத்த நோய் வருவதையும், தவிடு சேர்த்தால் அது குணமாவதையும் 1890-களில் கண்டார். மலாயாவில் கிடைத்த சான்று இன்னும் தெளிவானது. அங்கே வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் திரளாக நோயுற்றனர். அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களோ பெரும்பாலும் தப்பினர். காரணம், தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. பொருளறியாமலே கைக்கொண்ட வழக்கம் உயிர் காத்தது.

இதன் நுட்பம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் தயமின் மேற்படலத்திலிருந்து மணியின் உட்புறத்துக்குச் சென்று படிகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் நீங்குவதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையில், 100 கிராம் ஆலைப் பச்சரிசிக்கு 0.06 மில்லிகிராமும், ஆலைப் புழுங்கல் அரிசிக்கு 0.21 மில்லிகிராமும் தயமின் அளவாகக் குறிக்கப்பட்டுள்ளன. கைக்குத்தல் பச்சரிசியும் ஏறத்தாழப் புழுங்கலுக்கு நிகரே. இந்நிறுவனத்தின் தோற்றமே பெரிபெரியோடு தொடர்புடையது: 1918-இல் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. பழைய சென்னை மாகாணத்தில், பச்சரிசி உண்ணும் வட சர்க்கார் கடற்கரை மாவட்டங்களிலேயே இந்நோய் மிகுதியாக இருந்தது.

அரிசியைப் பலமுறை கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் உள்ள சிறிதளவையும் கரைத்துப் போக்கிவிடும். பருப்பு, நிலக்கடலை, சிறுதானியங்கள் ஆகியவற்றில் தயமின் நன்கு உள்ளது. ஆனால் பல வீடுகளில் பருப்பு நாள்தோறும் சமைக்கப்படுவதில்லை என்பதைக் களப்பணியாளர் அறிவர்.

பெரிபெரி மறைந்துபோன நோயன்று. தாய்ப்பால் மட்டுமே உண்ணும் கைக்குழந்தைகளிடம் அது இன்றும் காணப்படுகிறது; காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து மருத்துவர்கள் இத்தகைய நேர்வுகளை வெளியிட்டுள்ளனர். தீட்டிய அரிசியே தாயின் முக்கிய உணவாக இருக்க, பத்தியம் என்று பருப்பும் காய்கறியும் விலக்கப்பட்டால், அவள் பாலில் தயமின் குன்றும். தாய் நலமாகவே தோன்றலாம். குழந்தையோ இரண்டு முதல் நான்கு மாத அளவில் பால் குடிக்க மறுத்து, வாந்தியெடுத்து, மூச்சுத் திணறும். குரல் கம்மி, வாய் திறந்து அழுதும் ஓசை எழாதிருப்பது இந்நோய்க்குரிய தனிக் குறி. இக்குழந்தையை அப்பொழுதே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காலங்கடந்தால் ஒரே நாளில் உயிர் பிரியக்கூடும். தக்க நேரத்தில் தயமின் ஊசி போடப்பட்டால் சில மணி நேரத்திலேயே மூச்சு சீரடைவது வழக்கம். உடன் சென்றவர், தாய் என்ன உண்டு வந்தாள் என்பதை மருத்துவரிடம் தவறாது சொல்லுதல் வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. தாய்க்கும் தயமின் கொடுக்கப்பட வேண்டும்.